விசையைத் தட்டினாலும் கையொப்பம்தான்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



தாளில் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தம், கணினியில் விசையைத் தட்டினால் அது வெறும் தட்டல் என்ற எண்ணம் இன்னமும் பலரிடம் இருக்கிறது. சிங்கப்பூர் நீதிமன்றங்கள் அப்படிக் கருதவில்லை. வணிகம், அந்தரங்கம், அறிவுசார் சொத்து ஆகிய மூன்றிலும் கடைத்தெருவில் செல்லுபடியாகும் சட்டம் இணையத்திலும் செல்லுபடியாகும்.

முதலில் வணிகம். 2003 ஜனவரியில் டிஜிலேண்ட்மால் என்ற இணையக் கடையில் ஒரு தவறு நேர்ந்தது. பயிற்சியின்போது ஊழியர் ஒருவர் சோதனைக்காகப் பதிந்த எண்கள் உண்மையான இணையத்தளத்தில் ஏறிவிட்டன. 3,854 வெள்ளி விலையுள்ள லேசர் அச்சுப்பொறி, 66 வெள்ளி என்று காட்டப்பட்டது. ஜனவரி 13ஆம் தேதி அதிகாலையில், ஒருவரையொருவர் அறிந்த ஆறு பேர் மட்டும் 1,606 அச்சுப்பொறிகளுக்கு ஆணை கொடுத்தனர். கடையின் கணினி தானாகவே உறுதி மின்னஞ்சல்களை அனுப்பியது. தவறு தெரியவந்ததும் நிறுவனம் பொருளைத் தர மறுத்தது. ஆறு பேரும் வழக்குத் தொடுத்தனர். 2004இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பையே உறுதிசெய்தது.

நிறுவனம் வென்றதற்கான காரணத்தைக் கூர்ந்து கவனிக்கவேண்டும். இணையத்தில் நடந்தது ஒப்பந்தமே அல்ல என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கணினி தானாக அனுப்பும் மின்னஞ்சலும் விற்பவரைக் கட்டுப்படுத்தும். ஆனால் அந்த விலை தவறானது என்பது வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிறர் தவறைத் தெரிந்தே பயன்படுத்திக்கொள்பவருக்குச் சட்டம் துணைநிற்காது. விலை சற்றே குறைந்து, வாங்கியவர் அதை உண்மையான தள்ளுபடி என்று நம்பியிருந்தால், நட்டம் கடைக்காரரைச் சேர்ந்திருக்கக்கூடும்.

வாங்குபவரும் தவறு செய்யலாம். ஒன்று என்பதற்குப் பதில் பதினொன்று என்று தட்டிவிடலாம். அதைத் திருத்த இணையத்தளம் வாய்ப்பே தரவில்லை என்றால், 2010ஆம் ஆண்டின் மின்னியல் பரிவர்த்தனைச் சட்டம் அவருக்குக் கைகொடுக்கிறது. தவறு தெரிந்தவுடன் விற்பவருக்கு அறிவிக்கவேண்டும். அந்தப் பொருளால் பயன் அடைந்திருக்கக்கூடாது. அப்படியானால் தவறாகப் பதிந்ததை அவர் மீட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது அந்தரங்கம். அச்சுப்பொறி வழக்கில் அந்த இரவு நடந்த இணைய உரையாடலும் சாட்சியமாக நீதிமன்றத்துக்கு வந்தது. நண்பருக்கு எழுதியது நண்பரோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதி இல்லை.

பிறரிடம் ஒப்படைத்த தகவலின் நிலை என்ன? 2018இல் சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பில் ஊடுருவியவர்கள் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவற்றைத் திருடினர். அவர்களில் ஏறத்தாழ 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் பறிபோனது. மறுசொல்லை மாற்றிக்கொள்ளலாம், பிறந்த தேதியையும் நோயையும் மாற்றிக்கொள்ள முடியுமா? 2019 ஜனவரியில், கட்டமைப்பை நிர்வகித்த நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன. திருடியவர் வேறு ஒருவராக இருந்தாலும், காக்கவேண்டியவர் பதில் சொல்லவேண்டும் என்பதே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை.

அதே சட்டத்தின்கீழ், 2019 செப்டம்பர் 1 முதல், அதிர்ஷ்டக் குலுக்கலுக்கோ கடை உறுப்பினர் அட்டைக்கோ அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கக்கூடாது. எதற்காக என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கேட்காமல் எழுதிக் கொடுக்கும் பழக்கம்தான் மாறவேண்டும்.

மூன்றாவது அறிவுசார் சொத்து. இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் படம், எடுத்துக்கொள்ளவும் இலவசம் என்று பொருளல்ல. சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. படைப்பு உருப்பெற்றவுடன் உரிமையும் பிறந்துவிடுகிறது. 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் ஒரு பழைய விதியையும் மாற்றியது. முன்பு, பணம் கொடுத்துத் திருமணப் படம் எடுக்கச் சொன்னவருக்கே உரிமை சேர்ந்தது. இப்போது வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது புகைப்படக்காரருக்குச் சேரும். ஆகவே, முன்பணம் கொடுக்கும்போதே உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் முடிவுசெய்வது இரு தரப்புக்கும் நல்லது. மேலும், ஒருவர் படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது, பெரும்பாலான வேளைகளில் அவர் பெயரையும் குறிப்பிடவேண்டும்.

உரிமை இருந்தும் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று சிலர் பேசாமல் இருந்துவிடுகின்றனர். பொருள் வராவிட்டாலும் வந்தது பழுதாக இருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் இசைந்தால் 30,000 வரை. அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை. ஆனால் விற்றவர் வெளிநாட்டில் இருந்தால், தீர்ப்பு கிடைத்தாலும் பணம் கைக்கு வருவது கடினம். ஆகவே விற்பவர் யார், எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்த்துக்கொள்ளவேண்டும்.

உறுதி மின்னஞ்சலையும் ரசீதையும் அழிக்காமல் வைத்திருப்பவருக்கே சட்டம் எளிதில் உதவும். விசையைத் தட்டுவதற்கு ஒரு நொடி போதும். தட்டும் முன் விதிமுறைகளைப் படிக்க ஐந்து நிமிடம் ஆகலாம். அந்த ஐந்து நிமிடம் வீணாகாது.