முதல் ஐந்து பேரும் சிறந்த ஐந்து பேரும் ஒண்ணா?

போன வாரம் ‘உங்க ஆல்-டைம் ஸ்டார்டிங் ஃபைவ் சொல்லுங்க’ன்னு கேட்டிருந்தேன். வந்த லிஸ்ட்ல பாதிக்கு மேல, பந்தை எப்பவும் தன் கையிலேயே வெச்சு ஆடுற ஸ்டார்கள்தான் அஞ்சு பேரும். பேரைப் படிச்சாலே புல்லரிக்குது. ஆனா கோர்ட்ல ஒரே ஒரு பந்துதானே பாஸ் இருக்கு?

சிறந்த ஐந்து பேர் வேற, சேர்ந்து ஆட வேண்டிய ஐந்து பேர் வேற. இதுதான் என் கட்சி. சாட்சிக்கு 2015 என்பிஏ ஃபைனல்ஸைக் கூப்பிடுறேன்.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், கிளீவ்லாந்து கேவலியர்ஸ். மூணு ஆட்டம் முடிஞ்சப்போ கேவலியர்ஸ் 2-1 முன்னிலை. வாரியர்ஸோட சென்டர் ஆண்ட்ரூ போகட், 7 அடி உயரம். கூடைக்குக் காவல் நிற்பதில் அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். ஆனா தூரத்திலிருந்து ஷூட் பண்ண மாட்டார். அதனால அவரைக் காவல் காக்க வேண்டிய மோஸ்கோவ் நிம்மதியா கூடைப் பக்கமே நிற்கலாம். கர்ரியைச் சுற்றி ரெண்டு பேர் மொய்க்கலாம்.

வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர்ரின் உதவியாளர் நிக் யூ’ரென். வீடியோ வெட்டுறது, ப்ராக்டீஸுக்குப் பாட்டு லிஸ்ட் போடுறதுன்னு எல்லா வேலையும் பார்க்கிற ஆள். வயசு 28. 2014 ஃபைனல்ஸ்ல ஸ்பர்ஸ் அணி போரிஸ் டியாவை முதல் ஐந்தில் இறக்கிய வீடியோவைப் பார்த்துட்டு, ராத்திரியோட ராத்திரியா ஒரு யோசனை சொன்னார்: போகட்டுக்குப் பதில் ஆண்ட்ரே இக்வோடாலா.

நான்காவது ஆட்டத்துல கெர் அதையே செய்தார். தொடக்கத்துல 0-7 பின்தங்கினாங்க. கெர் பதறலை. கர்ரியை ரெண்டு பேர் மடக்கினா பந்து டிரேமண்ட் கிரீனுக்குப் போகும். அங்கே நாலு பேருக்கு எதிரா மூணு பேர்தான். யாரை விட்டாலும் ஷூட் பண்ணுவாங்க. விலை இல்லாம இல்லை: உயரமான ஆள் இல்லாததால மோஸ்கோவ் 28 புள்ளி எடுத்தார். ஆனாலும் வாரியர்ஸ் 103-82. அடுத்த ஆட்டத்துல மோஸ்கோவை கேவலியர்ஸே பெரும்பாலும் உட்கார வெச்சுட்டாங்க. தொடரும் 4-2ன்னு வாரியர்ஸுக்கு.

இக்வோடாலா அதுவரைக்கும் தன் கரியர்ல ஆடின 758 ஆட்டங்கள்லயும் ஸ்டார்ட்டர். அந்த சீசன்ல ஆடிய 77 ஆட்டங்களிலும் பென்ச். முன்னாள் ஆல்-ஸ்டார், ஒரு இளைஞனுக்காக இடம் விட்டார். கடைசியில ஃபைனல்ஸ் எம்விபி அவர்தான். வழக்கமான சீசனில் ஒரு ஆட்டம்கூட ஸ்டார்ட் பண்ணாம அந்த விருதை வாங்கிய முதல் ஆள்.

எல்லாரும் இதை இக்வோடாலா கதையா சொல்லுவாங்க. எனக்கு போகட் கதை. நான்காவது ஆட்டத்துல அவர் ஆடினது 3 நிமிடத்துக்கும் குறைவு. அவர் மோசமா ஆடலை. அந்தக் கேள்விக்கு அவர் விடை இல்லை, அவ்வளவுதான்.

இன்ஜினியரிங் ஃபைனல் இயர்ல காலேஜ் டீம்ல என்னை பென்ச்ல வெச்சாங்க. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருந்துட்டு, மூணாம் நாள் ப்ராக்டீஸுக்குப் போறதையே நிறுத்தினேன். என்னை விட ஸ்லோவான பையன் என் இடத்துல ஆடினான். ஆனா அவன் ஸ்க்ரீன் போடுவான், ரீபவுண்டுக்குச் சண்டை போடுவான். எனக்கு ஷூட் பண்ண மட்டும்தான் தெரியும்; எங்க டீம்ல அதுக்கு ஏற்கெனவே மூணு பேர். இது புரிய எனக்கு வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. அந்த டீம் போட்டோவுல நான் இல்லை.

அதனால இந்த வாரம் லிஸ்ட் அனுப்புறப்போ அஞ்சு பேர் மட்டும் போதாது. ஆறாவது ஆள் யாரு, அவரை எதுக்கு பென்ச்ல உட்கார வைக்கிறீங்க, அதையும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சண்டை போடுவோம்!