கூட்டத்தில் ஒருவராய் நிற்கும்போது
(யூபிலி விழா மாலையில் பங்குமக்கள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் முன்னோர் இந்த ஆலயத்தை எழுப்பப் பட்ட பாட்டைப் பற்றி இங்கே பெரியவர்கள் பலர் பேசிவிட்டார்கள். ஆகவே நாம் வேறொன்றைப் பேச விரும்புகிறோம். தனியே இருக்கும்போது ஒரு விதமாகவும், நாலு பேரோடு நிற்கும்போது வேறு விதமாகவும் மனிதன் நடந்துகொள்கிறானே, அது ஏன்? இதை ஆராயும் படிப்புக்குச் சமூக உளவியல் என்று பெயர். பெயர்தான் பெரிது, விஷயம் நம் தெருமுனையில் நடப்பதே.

போளூருக்கு அருகே அத்திமூர் என்றோர் ஊர் இருக்கிறது. அனந்தபுரத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாக அரைநாளில் போய்ச் சேரலாம். 2018 மே 9-ஆம் நாள், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தார் அங்கே வழி கேட்க நின்றார்கள். அங்கிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் கூடியது. அறுபது வயதைக் கடந்த ஒரு தாய் அடிபட்டே இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமுற்றார்கள். அடித்தவர்கள் கொள்ளைக்காரர்களா? இல்லை. பிள்ளை குட்டிகளோடு வாழும் கிராமத்தார்தாம்.

பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது நினைவிருக்கும். அப்போது நாடெங்கும் பரவிய ஒரு காட்சி, கராச்சி நகரில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படத்தின் துண்டு. கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் இந்தியாவில் கட்டுப்படுத்தியது. அத்திமூர்த் தாய்க்கு அது உதவவில்லை.

நம் பங்கிலும் சிலர் அந்தச் செய்தியை நம்மிடம் காட்டினார்கள். "இது பொய்" என்று நாம் சொன்னோமா? "எதற்கும் ஜாக்கிரதையாக இருங்கள்" என்றுதான் சொல்லி அனுப்பினோம். அந்த ஒரு வார்த்தை, செய்திக்குச் சாமியாரின் முத்திரை போட்டது போலாயிற்று.

வதந்தியை ஏன் நம்புகிறோம்? அறியாமையால் என்று படித்தவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. 1934 ஜனவரி 15-இல் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் குலுக்கியது. அதன்பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் உளவியலார் திரட்டினார். சந்திர கிரகணத்தன்று மறுபடியும் பூமி அதிரும், பெரும்புயல் வரும், இன்ன நாளில் பிரளயம் என்றெல்லாம் பேச்சு. விந்தை என்னவென்றால், இவை அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் எதையும் காணாத ஊர்களில் பரவியவை. பின்னர் டார்ஜிலிங் மலைச்சரிவின்போது, அழிவைக் கண்ணால் கண்ட மக்களைத் துர்கானந்த் சின்கா ஆராய்ந்தார். அவர்களிடம் அத்தகைய மிகைப்பேச்சு எழவில்லை. இவ்விரண்டையும் வைத்து 1957-இல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க அறிஞர் சொன்ன விளக்கம் இது: நெஞ்சில் அச்சம் இருக்கிறது, கண்ணெதிரே காரணம் இல்லை, காரணமில்லாத அச்சத்தை மனத்தால் தாங்க முடியாது, எனவே அச்சத்துக்கு ஏற்ற காரணத்தை அது தேடிப் பிடிக்கிறது. வதந்தி அச்சத்தை உண்டாக்குகிறது என்று நினைக்கிறோம். அச்சமும் வதந்தியை உண்டாக்குகிறது.

சரி, நம்பியவர்கள் நம்பினார்கள். சுற்றி நின்றவர்கள் ஏன் தடுக்கவில்லை? ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற இருவர் 1968-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, இன்டர்காம் வழியே பேசவைத்தார்கள். திடீரென்று ஒருவருக்கு வலிப்பு வந்தது போன்ற குரல். கேட்பது தான் ஒருவனே என்று நினைத்தவர்களில் நூற்றுக்கு 85 பேர், அந்தக் குரல் ஓயும் முன்பே உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் எழுந்தவர்கள் 31 பேர்தான். எழாதவர்கள் கல்நெஞ்சர்களா என்றால் அதுவும் இல்லை. பலருக்குக் கை நடுங்கியது. "அவரை யாராவது கவனிக்கிறார்களா?" என்று கேட்டார்கள். பொறுப்பைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்ளும்போது ஒவ்வொருவர் கையிலும் மிஞ்சுவது அற்பமே. அதனால்தான், கூட்டத்தின் நடுவே ஆபத்தில் சிக்கினால் "யாராவது வாருங்கள்" என்று கத்துவதைவிட, "நீலச்சட்டை போட்ட தம்பி, நீங்கள் வாருங்கள்" என்று ஒருவரைச் சுட்டி அழைப்பது நல்லது என்கிறார்கள்.

குருக்களாகிய எங்களைச் சுடும் சோதனை ஒன்றும் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். டார்லியும் பாட்சனும் 1973-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்து இறையியல் மாணவர்கள் 40 பேரை, அடுத்த கட்டடத்துக்குப் போய்ச் சிறு உரை ஆற்றும்படி அனுப்பினார்கள். பாதிப்பேருக்குத் தலைப்பு நல்ல சமாரியர் உவமை. வழியில் ஓர் ஆள் இருமி முனகியபடி சுருண்டு கிடந்தான். நேரமிருக்கிறது என்று அறிந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 பேர்தான். உவமையைப் பற்றிப் பேசப் போனவர்களா, வேறு தலைப்பில் பேசப் போனவர்களா என்பதால் பெரிய வித்தியாசம் ஏதுமில்லை. உவமையைச் சொல்லப் போன அவசரத்தில் சிலர் அவனைத் தாண்டியே சென்றார்களாம்!

இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு, கிளைக் கிராமத்தில் திருப்பலிக்கு நேரமாகிவிட்டதென்று செஞ்சிச் சாலையில் மோட்டார் சைக்கிளில் விரைந்தோம். புளியமரத்தடியில் ஒருவர் குப்புறக் கிடந்தார். குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று எண்ணிக்கொண்டோம். கடையோரம் நாலு பேர் நிற்கிறார்களே, பார்த்துக்கொள்வார்கள் என்றும் எண்ணிக்கொண்டோம். திருப்பலி முடிந்து அதே வழியில் வந்தபோது அவர் அங்கே இல்லை. கடைக்காரரை விசாரித்தோம். "நீங்கள் நிறுத்தாமல் போனதைப் பார்த்தோம் சாமி. ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று நாங்களும் இருந்துவிட்டோம். அப்புறம் மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவிதான் அவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்" என்றார்.