ஆமை புகுந்த வீடு

(சந்தவாசலில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தறிச் சத்தம் கேட்கும் ஊரில் நின்று கடலாமையைப் பற்றிப் பேசப் போகிறேன். இங்கிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் ஆமையைப் பற்றிய பழமொழி இங்கும் உண்டு: 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது.'

அமீனா சரி. கடனுக்கு ஜப்தி செய்ய வருகிறவர். முன்பணம் வாங்கி நெய்கிற குடும்பத்துக்கு அந்தப் பயம் தெரியும். ஆமை என்ன செய்தது? ஓர் உயிரை 'ஆகாதது' என்று ஒதுக்க இந்தச் சமூகத்துக்குக் காரணம் தேவையில்லை. கைம்பெண் எதிரே வரக்கூடாது என்றதும், சேரி மக்கள் தெருவுக்குள் வரக்கூடாது என்றதும் இதே புத்திதான்.

அந்த 'ஆகாத' உயிரைத் தேடி சென்னையில் இளைஞர்கள் இரவெல்லாம் நடக்கிறார்கள். 1970களில் ரோமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் போன்றோர் தொடங்கிய நடை அது. 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அதைத் தொடர்கிறது. சனவரி முதல் மார்ச் வரை ஆலிவ் ரிட்லி எனும் பங்குனி ஆமைகள் கரையேறி, மணலில் குழி தோண்டி ஏறத்தாழ நூறு முட்டைகள் இடும். தன்னார்வலர்கள் தடம் பார்த்துக் குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவார்கள். காரணம், நாய்கள் மட்டுமல்ல, விளக்குகளும்தான். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகரும். முன்பு இரவில் வெளிச்சம் கடல் பக்கம் இருந்தது. இப்போது சாலையும் மாளிகைகளும் இருக்கும் பக்கம் இருக்கிறது.

2025 சனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் அது முடியாது. கடலிலேயே வாழும் உயிர் மூச்சுத்திணறிச் சாகிறது.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் 'மீனவர்கள்' என்று ஒரே சொல்லில் பழி போடுவது எளிது. கட்டுமரக்காரரும் பெரிய இழுவைப்படகு முதலாளியும் ஒன்றா? முட்டையிடும் காலத்தில் கரையோரம் ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப்படகு வரக்கூடாது என்று விதி இருக்கிறது. அது மீறப்பட்டால் ஆமை மட்டும் சாவதில்லை, சிறு மீனவரின் மீனும் வலையும் போகின்றன. அந்தப் படகில் கூலிக்கு ஏறுகிறவரும் தொழிலாளிதான். கேள்வி படகின் உரிமையாளரிடமும், விதியை அமல்படுத்த வேண்டியவர்களிடமும் போக வேண்டும்.

உங்களுக்கு இது புதிதல்ல. ஆரணிப் பட்டுக்குப் பெயர் உண்டு. நெய்தவருக்குப் பெயர் இல்லை. கடற்கரையிலும் அப்படித்தான். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வளர்ந்த குப்பத்து மக்களின் அறிவை நம்பித்தான் எந்தப் பாதுகாப்பும் நடக்க முடியும். அவர்களைச் சந்தேகப் பட்டியலில் வைத்துவிட்டு ஆமையைக் காக்க முடியாது.

படிக்கவோ வேலைக்கோ சென்னை போகும் தோழர்களே, ஓர் இரவாவது அந்த நடையில் சேருங்கள். பெண் தோழர்களும் வாருங்கள். இரவும் கடற்கரையும் உங்களுக்கும் உரியவை. செத்த ஆமைகளை எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் குப்பத்தில் உட்கார்ந்து அங்குள்ள பெரியவர்களிடம் கேளுங்கள்: "ஐயா, நேற்று ராத்திரி கரைக்குக் கிட்ட வந்தது யாரோட படகு?"

அந்தப் பதிலையும் கணக்கில் எழுதுங்கள். நாம் ஆமையின் வீட்டுக்குள் புகுந்தவர்கள். அந்த வீடு உருப்பட வேண்டுமா என்பது இனி நம் கையில் இருக்கிறது.