கல்லைப் புரட்டும் நால்வர்
(பேச்சிப்பாறையில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் ஒரு சிற்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிற்பி என்றவுடன் கோவிலில் சாமி செய்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். நாம் சொல்லும் மனிதர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்பவர். 1899-ல் வங்காளத்து ரங்கபூர்ப் பக்கம் தாஜ்ஹாட் என்ற ஊரில் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். ஓவியத்தை அவனீந்திரநாத் தாகூரிடம் கற்றார். குஸ்தி போடுவார், புல்லாங்குழல் வாசிப்பார், வேட்டைக்குப் போவார், கதையும் எழுதுவார். 1929 வாக்கில் சென்னை கலைப்பள்ளிக்குத் தலைவராக வந்தார். 1850-ல் ஹண்டர் என்னும் வெள்ளைக்கார டாக்டர் துவக்கிய அப்பள்ளிக்கு அதுவரையில் வெள்ளைக்காரர்களே தலைவர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் இவர்தான். பணிக்கர், தனபால் போன்ற மாணாக்கர்கள் இவரிடம் படித்துப் பேர் பெற்றார்கள்.

சென்னைக் கடற்கரைக்குப் போய்வந்த தோழர்கள் அங்கே நான்கு ஆட்கள் ஒரு பெரும்பாறையைக் கம்பு கொடுத்து நெம்பிப் புரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 1959 ஜனவரி 25-ல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலை அதுவே. இடுப்பில் துண்டுத் துணி, விம்மிய நரம்பு, வளைந்த முதுகு. நான்கு பேரில் ஒருவனுக்காவது கிரீடம் உண்டா? நான்கு கை உண்டா? பள்ளிக்கூடத்துக் காவற்காரர் ஒருவரையே நிறுத்திவைத்து அந்த உடம்பைப் பார்த்துச் செய்தார் என்கிறார்கள். இதே கடற்கரையில்தான் 1923 மே முதல் நாள் தோழர் சிங்காரவேலர் தொழிலாளர் தினத்தை நடத்தினார் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்தச் சிலை எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறோம். ஏனென்றால் இதில்தான் நமக்கு விஷயம் இருக்கிறது. முதலில் களிமண்ணில் உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் சுண்ணச்சாந்து பூசி அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் மெழுகு பூசி, அதைச் சூளையில் வைத்து உருக்கி வெளியே விட்டு, மெழுகு இருந்த இடத்தில் காய்ச்சிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலை ஸ்தபதி உற்சவ விக்கிரகம் வார்ப்பதும் இந்த மெழுகு வித்தையினால்தானே! மெழுகு ஒன்று, வெண்கலம் ஒன்று, நெருப்பும் ஒன்று. ஆனால் விக்கிரகத்துக்குக் கண் திறந்து கும்பாபிஷேகம் செய்துவிட்டால், வார்த்தவனே அப்புறம் அதைத் தொடக்கூடாது. அவன் வெளியே, பூணூல் உள்ளே. கடற்கரைச் சிலைக்கோ கண் திறக்க நல்ல நேரம் பார்க்கவில்லை. எவனும் தொடலாம். மீன் விற்கிற அம்மாள் அதன் நிழலில் கூடையை இறக்கிவைக்கலாம்.

இவர் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தைப் பொருளாகக் கொண்டு ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பமும் செய்திருக்கிறார். 1936 நவம்பர் 12-ல் வந்த பிரகடனம் அது. இந்தப் பேச்சிப்பாறையும் அன்று திருவிதாங்கூர்ச் சீமைதான். 1956 நவம்பரில்தானே தமிழ்நாட்டோடு சேர்ந்தது? அந்நாளுக்கு முன் உங்கள் பாட்டன்மார் எந்தெந்தத் தெருவில் நடக்கக்கூடாதிருந்தார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை, கிழவர்களைக் கேளுங்கள்.

1937-ல் வெள்ளைக்கார அரசாங்கம் கொடுத்த பட்டத்தையும் இவர் வாங்கிக்கொண்டார். நமக்கு அது பிடிக்கவில்லை. அதே கைதான், 1942 ஆகஸ்டு 11-ல் பாட்னாவில் கொடியேற்றப் போய் அந்த அரசாங்கத்தின் குண்டுக்கு இரையான ஏழு மாணவர்களுக்கும் சிலை செய்தது. அது 1956-ல் திறக்கப்பட்டது. மனிதர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள், தோழர்களே! 1958-ல் பத்மபூஷண் வந்தது. 1975-ல் காலமானார்.

இவருக்கு முன்னே பிரான்சு தேசத்தில் தாலூ என்றொரு சிற்பி இருந்தார். பாரிஸ் கம்யூனில் கலந்துகொண்ட குற்றத்துக்காக 1871-ல் லண்டனுக்கு ஓடிப்போய், மன்னிப்பு வந்த பிறகே திரும்பினார். தொழிலாளருக்கென்று ஒரு பெரிய நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டுமென்று உழவன், சுரங்கக்காரன் எல்லோரையும் சிறுசிறு மண் உருவங்களாகப் பிடித்துவைத்தார். 1902-ல் இறக்கும்வரை அது எழும்பவில்லை. ராஜாவுக்குக் குதிரையோடு சிலை வைக்கப் பணம் கிடைக்கும். கூலிக்காரனுக்கு என்றால் கஜானா காலி!

இனி உங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறோம். இந்த அணை 1897-ல் துவங்கி 1906-ல் முடிந்தது. மூலம் திருநாள் மகாராஜா காலம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கட்டிய இஞ்சினியர் மிஞ்சின் துரையின் கல்லறை இங்கேயே இருக்கிறது. அவர் பாடுபட்டவர், அதை மறுக்க மாட்டோம். ஆனால் கோதையாற்றில் இறங்கிக் கல் உடைத்தவன் எவன்? சாந்து சுமந்தவள் எவள்? காய்ச்சலில் செத்தவர்களை எங்கே புதைத்தார்கள்? நாஞ்சில் நாட்டு வயலில் தண்ணீர் பாய்கிறதே, அவர்களில் ஒருவர் பெயரையாவது இக்கூட்டத்தில் யாரேனும் சொல்ல முடியுமா?

(கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, தம் பாட்டியார் அணைக்கு மண் சுமந்ததாகச் சொன்னார்.)

நல்லது ஐயா! பெயரைச் சொல்லுங்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போகிற பிள்ளைகளில் எழுதத் தெரிந்தவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு முன்னே வாருங்கள். பெரியவர் சொல்வதை முதல் வரியில் எழுதுவோம்.