விலையே எதிராளி



விளையாட்டு என்றால் இருவரேனும் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஆயினும் பலகையை விரித்துத் தனியே ஆடி மகிழ்வோரும் பலர் உளர். நானும் அவர்களுள் ஒருவன். ஒருவரே ஆடத்தக்க வணிக விளையாட்டு ஒன்றை இப்பொழுது அமைத்து வருகிறேன். ஓரூரில் நெல்லும் மிளகும் உப்பும் வாங்கி, வண்டியேற்றிச் சென்று, வேற்றூரில் விற்று ஊதியம் தேடுவதே அதன் சாரம். அவ்விளையாட்டில் விலையை எங்ஙனம் ஏற்றி இறக்குவது என்பது பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

சதுரங்கத்தில் எதிரே அமர்ந்தவர் நம் திட்டத்தைத் தடுக்கிறார். தனியாட்டத்தில் அவ்வேலையைச் செய்ய வேண்டுவது விலை. அது மாறாது நின்றால், ஊதியம் தரும் வழி ஒன்றைக் கண்டவுடன் ஆட்டம் முடிந்துவிடும். பிறகு எஞ்சுவது வெறுங் கணக்கே. பகடையில் விழும் எண்ணையே விலை என்று கொண்டாலோ, இத்திங்கள் ஆறு காசு விற்ற நெல் அடுத்த திங்கள் ஒரு காசு விற்கும். அங்கே சிந்தனைக்கு இடமில்லை; அது சூது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி காண வேண்டும்.

முதலாவதாக, விலைக்கு நினைவு வேண்டும். நாளைய விலை இன்றைய விலையிலிருந்தே எழ வேண்டும். 1937-இல் கனடாவில் தோன்றிய 'ஸ்டாக் டிக்கர்' என்னும் ஆட்டம் இதற்கு நல்ல சான்று. அதில் மூன்று பகடைகள் உண்டு. ஒன்று எப்பொருள் என்று காட்டும். மற்றொன்று ஏற்றமா, இறக்கமா, பங்காதாயமா என்று காட்டும். மூன்றாவது 5, 10, 20 என அளவு காட்டும். அங்கே விலை தாவுவதில்லை, படிப்படியாக நடக்கிறது.

இரண்டாவதாக, நடக்கும் விலைக்குத் திரும்பி வர ஓர் இடம் வேண்டும். அதனை நடுவிலை என்பேன். நெல்லின் நடுவிலை 8 காசு என்று கொள்வோம். திங்கள்தோறும் இரு பகடைகளை உருட்டுகிறேன். கூட்டுத்தொகை 6, 7, 8 ஆயின் விலை அசையாது. 9, 10 ஆயின் ஒரு காசு ஏறும்; 11, 12 ஆயின் இரண்டு காசு ஏறும். 4, 5 ஆயின் ஒரு காசு இறங்கும். 2, 3 ஆயின் இரண்டு. இரு பகடைகள் விழக்கூடிய 36 வகைகளுள் ஏற்றத்திற்கு 10, இறக்கத்திற்கு 10; எஞ்சிய 16 வகைகளில் மாற்றமில்லை.

விலை 11 காசையோ அதற்கு மேலோ எட்டினால், கூட்டுத்தொகையில் ஒன்றைக் கழித்துவிடுகிறேன். அப்பொழுது ஏற்றத்திற்கு 6 வகைகளே உள்ளன, இறக்கத்திற்கோ 15. விலை 5 காசுக்கு வந்தால் ஒன்றைக் கூட்டுகிறேன். ஆகவே உயர்ந்த விலை இறங்கக்கூடும் என்று ஊகிக்கலாம். உறுதியாகச் சொல்ல இயலாது. ஊகத்திற்கு இடந்தந்து, உறுதிக்கு இடந்தராமை சந்தையின் இயல்பன்றோ?

மூன்றாவதாக, ஆடுபவரின் செயலும் விலையைத் தொட வேண்டும். 2004-இல் வெளிவந்த 'பவர் கிரிட்' என்னும் ஜெர்மானிய ஆட்டத்தில், நிலக்கரியை வாங்க வாங்க மலிவான கட்டங்கள் ஒழிந்து விலை உயரும். அக்கருத்தை விற்பனைக்கும் கொண்டேன். மூன்று மூட்டை விற்றால் விலை ஒரு காசு இறங்கும். 11 காசு விலையில் ஒன்பது மூட்டைகளையும் ஒருங்கே விற்பவர் 99 காசு பெறமாட்டார். 33, 30, 27 என 90 காசே பெறுவார். பேராசைக்கு உரிய தண்டனையைப் பகடையன்று, அவர் கையே தருகிறது.

விதிகள் இன்னும் பல சேர்க்கலாம். ஆயின் தனியே ஆடுபவரைக் கண்காணிப்பார் இல்லை. கணக்கு நீண்டால் அவர் சலிப்புற்று விதியைத் தளர்த்துவார். தளர்ந்தபின் வெற்றியில் சுவை ஏது? மனத்தில் நிற்கும் சுருக்கமே தனியாட்டத்திற்குக் காவல்.

ஒரு தாளும், இரு பகடைகளும், சில புளியங்கொட்டைகளும் இருந்தால் நீங்களும் இதனை ஆடிப் பார்க்கலாம். மூட்டையை இன்றே விற்பதா, இன்னும் ஒரு திங்கள் பொறுப்பதா என்று உங்கள் கை தயங்குமாயின், எதிரே ஒருவர் அமர்ந்திருப்பதாகவே உணர்வீர்கள்.