பணியிடத்துப் பாரபட்சமும் ஸபுரும்

(விடுப்பில் ஊர் வந்திருந்த சகோதரர்களுக்காக ஷவ்வால் மாதத்தில் நமது பள்ளிவாசலில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

நயினார்கோவில் வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல்லும் குண்டு மிளகாயும் உண்டு. மழை பொய்த்தால் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே மிச்சம். ஆகவே பிழைப்பைத் தேடிச் சபுர் புறப்படுவது நம் மக்களுக்குப் பழகிய ஒன்றாகிவிட்டது. அரபியில் பயணத்தைக் குறிக்கும் சொல் வேறு, பொறுமையைக் குறிக்கும் சொல் வேறு. நம் பாமர மக்களின் நாவில் மட்டும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கின்றன. சபுராளிகளின் வாழ்வைப் பார்த்தால் அதில் பிழையில்லை என்றே தோன்றுகிறது.

சென்ற ஆண்டு அஸர் தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின், ஒரு தம்பி நம்மிடம் வந்து அமர்ந்தார். வளைகுடா நாடொன்றில், ஒரு கிடங்கில் ஆறு ஆண்டுகள் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர். அவர் கூறியதன் சுருக்கம் இதுதான். தமக்குப் பின் வந்த ஒருவருக்கு இவரே வேலை பழக்கிக் கொடுத்திருக்கிறார். அந்த நபர் மேனேஜரின் ஊர்க்காரர். ஒன்றரை ஆண்டுக்குள் அவர் சூப்பர்வைசர் ஆகிவிட்டார். அதே வண்டியை ஓட்டும் வேறு நாட்டவர் ஒருவருக்கு, பாஸ்போர்ட்டின் நிறம் வேறு என்ற ஒரே காரணத்தால், இவரைவிடக் கூடுதல் சம்பளம். இவர் வாய் திறந்து கேட்டார். தொடர்ந்து நான்கு மாதங்கள் இரவு ஷிஃப்ட் கிடைத்தது. ஒருநாள் ஆத்திரத்தில் சாவியை மேசைமேல் எறிந்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். அவரை அனுப்ப அத்தா வாங்கிய கடனில் பாதி இன்னும் நின்றது.

இவ்வளவையும் கூறிவிட்டு, "ஹஜ்ரத், ஸபுர் செய் என்றுதானே சொல்லப் போகிறீர்கள்? அதை எங்கள் மேனேஜரும் சொன்னார்" என்றார்.

அன்று நம்மால் சரியான பதில் கூற இயலவில்லை. அநீதி இழைத்தவன் வாயிலிருந்து வந்த அதே சொல்லை நாமும் எப்படிச் சொல்வது? ஏட்டைப் புரட்டிப் பார்த்த பின், அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, மக்கா வெற்றியை அடுத்து ஹுனைன் போர் நடந்தது. கிடைத்த கனீமத் பொருள் மிக அதிகம். ஒட்டகங்கள் மட்டும் 24,000 என்றும், ஆடுகள் 40,000-க்கும் மேல் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஜிஇர்ரானா என்னுமிடத்தில் அவற்றை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பங்கிட்டார்கள். நேற்றுவரை எதிரணியில் நின்ற குறைஷித் தலைவர்களுக்கும், புதிதாக வந்த பாலைவனக் குலத் தலைவர்களுக்கும் நூறு நூறு ஒட்டகங்கள் சென்றன. அபூசுஃப்யான் அவர்களுக்கு நூறு, அக்ரஃ இப்னு ஹாபிஸ் அவர்களுக்கு நூறு. மதீனாவில் இடம் தந்து, பொருள் தந்து, உயிரும் தந்த அன்ஸாரிகளுக்கு அந்தப் பங்கில் ஒன்றுமில்லை.

அன்ஸாரி இளைஞர்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. தம் சமூகத்தாரைக் கண்டதும் நம்மை மறந்துவிட்டார்களே என்று பேசிக்கொண்டனர். சகோதரர்களே, இவ்வாறு பேசியவர்கள் சாதாரண மனிதர்கள் அல்லர். நாம் அவர்கள் பெயருக்குப் பின் 'ரலியல்லாஹு அன்ஹு' என்று கூறி துஆச் செய்கிறோம். புறக்கணிக்கப்பட்டோம் என்னும் வலி ஈமான் உள்ள உள்ளத்திலும் எழும். அந்த வலி எழுந்ததற்காக அந்தத் தம்பியை நாம் குறை கூறவில்லை.

அன்ஸாரிகளின் தலைவர்களுள் ஒருவரான ஸஃது இப்னு உபாதா (ரலி) அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். அந்த முணுமுணுப்பைக் கூடாரத்துக்குக் கூடாரம் சுமந்து திரியவில்லை. நேரே நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று, அன்ஸாரிகளுக்கு இந்தப் பங்கீட்டில் மனத்தாங்கல் இருக்கிறது என்று எடுத்துரைத்தார்கள். நீர் எந்தப் பக்கம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, தாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவரே என்று ஒளிக்காமல் கூறினார்கள். இத்தகைய துணிவை இன்று நம் சங்கத் தலைவர்களிடமும் காண்பது அரிது.

நாயகம் (ஸல்) அவர்கள் கோபித்தார்களா? கேட்டவர்களை இரவுக் காவலுக்கு அனுப்பினார்களா? இல்லை. அன்ஸாரிகள் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டினார்கள். அவர்கள் செய்த உதவிகளை அவர்கள் கூறுமுன் தாமே எடுத்துக் கூறினார்கள். பிறகு காரணத்தை விளக்கினார்கள். இஸ்லாத்திற்குப் புதியவர்களின் உள்ளங்களை இணக்கவே அந்தப் பொருள் தரப்பட்டது. மற்றவர்கள் ஆட்டையும் ஒட்டகத்தையும் ஓட்டிக்கொண்டு போகையில், அன்ஸாரிகள் அல்லாஹ்வின் தூதரையே தம் ஊருக்கு அழைத்துச் செல்கின்றனர் என்ற கருத்தில் உரைத்தார்கள். தாடி நனையுமளவு அவர்கள் அழுதனர்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. ஜிஇர்ரானாவில் நடந்தது பாரபட்சமே அல்ல. தகுந்த காரணத்தோடு செய்யப்பட்ட பங்கீடு அது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அவ்வாறு தோன்றியது. நம் பணியிடங்களிலும் இது உண்டு. அடுத்தவருக்குக் கணினி தெரிந்திருக்கும், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்திருக்கும். அவர் உயர்ந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அவர் சம்பளத்தை இரவெல்லாம் எண்ணிக்கொண்டு படுப்பது ஹஸதில்தான் கொண்டுபோய் விடும். ஆனால், காரணம் தெரியாமல் தவிப்பவனுக்குக் காரணத்தை விளக்குவது பொறுப்பில் இருப்பவரின் கடமை என்பதும் அதே சம்பவத்தில் இருக்கிறது. நபியே விளக்கம் அளித்திருக்க, ஒரு மேனேஜர் 'கேட்காதே' என்று கூறுவது எந்த நியாயத்தில் சேரும்?

அந்நிகழ்ச்சியின் தொடர்ச்சியாகவே, தமக்குப் பின் அன்ஸாரிகள் உண்மையான பாரபட்சத்தைக் காண்பார்கள் என்றும், ஹவ்ளுல் கவ்ஸரில் தம்மைச் சந்திக்கும்வரை பொறுமை காக்க வேண்டும் என்றும் முன்னறிவித்தார்கள். ஹதீஸில் அதற்கு வந்துள்ள சொல் 'அஸரா'. உரிமையுள்ளவனை விட்டுவிட்டு மற்றவனை முற்படுத்துதல் என்பது பொருள். அதே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்ததே 'ஈஸார்'. தன்னைவிடப் பிறரை முற்படுத்துதல். ஹஷ்ர் சூராவில் அன்ஸாரிகள் புகழப்படுவது இந்த ஈஸாருக்காகத்தான். ஈஸார் செய்த கூட்டத்துக்கே அஸரா வரும் என்று கூறப்பட்டதில் நமக்கு ஆறுதல் இருக்கிறது. நல்லவனாக இருந்தும் ஏன் எனக்கு இப்படி என்ற கேள்வி நம்மோடு பிறந்ததல்ல.

ஆனால் 'பொறுமை' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, தொழிலாளி வாய் மூடிக் கிடக்க வேண்டும் என்று பொருள் கொள்வது பிழை. அந்த ஹதீஸை உலமாக்கள் ஆட்சியாளர்கள் விஷயத்தில் எடுத்துரைக்கின்றனர். இரத்தம் சிந்தும் குழப்பம் எழக் கூடாது என்பதே அங்கு நோக்கம். கூலி வேலை அப்படியல்ல; ஃபிக்ஹில் அது 'இஜாரா', அதாவது ஓர் ஒப்பந்தம். கூலி இவ்வளவு என்று அறியப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மத்யனில் மூஸா (அலை) அவர்கள் பணிக்கு அமர்ந்தபோது எட்டு ஆண்டுகள் கட்டாயம், பத்தாக நிறைவு செய்வது அவர்கள் விருப்பம் என்று முதலிலேயே பேசப்பட்டதைக் கஸஸ் சூராவில் காண்கிறோம். பேசிய கூலியைக் கேட்பது ஸபுருக்கு மாறானதாகாது. கேட்கும்போது கெட்ட சொல் சொல்லாதிருப்பதும், பழிக்குப் பழியாகப் பொருளைப் பாழாக்காதிருப்பதும், தன் வேலையில் தான் கள்ளம் செய்யாதிருப்பதுமே ஸபுர். அந்தத் தம்பி சாவியை எறிந்த இடத்தில்தான் தோற்றார். கேள்வி கேட்ட இடத்தில் தோற்கவில்லை.

ஆகவே புறப்படும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஒப்பந்தத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நகலை வீட்டில் வைத்துச் செல்லுங்கள். ஓவர்டைம் நேரத்தைத் தேதியிட்டு ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். குறையை வாயால் ஒருமுறையும், எழுத்தால் ஒருமுறையும் தெரிவியுங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதியின்றி ஏஜென்டின் பேச்சை நம்பிச் சுற்றுலா விசாவில் ஏறிவிடாதீர்கள். வெளிநாட்டில் சிக்கல் எழுந்தால் முறையிட, ஒன்றிய வெளியுறவுத் துறை 2015-இல் 'மதத்' என்னும் இணையவழி ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறது.

அந்நாடுகளின் சட்டமும் முன்போல் இல்லை. கத்தரில் 2021 மார்ச் 20 முதல், எந்த நாட்டவர் என்ற பேதமின்றி மாதம் 1,000 ரியால் அடிப்படைக் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தது. தங்குமிடம் தராவிட்டால் 500, உணவு தராவிட்டால் 300 ரியால் கூடுதலாகத் தர வேண்டும். அமீரகத்தில் 2022 பிப்ரவரி 2-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், இனம், நிறம், மதம், பிறந்த நாடு முதலியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஏட்டில் சட்டம் வந்ததால் கேம்பில் பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று நாம் கூற வரவில்லை. கேட்பதற்கு ஓர் ஆதாரம் கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், வளைகுடா செல்லும் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை நம் ஒன்றிய அரசே வெகுவாகக் குறைத்தது. அமீரகம், கத்தர், ஓமன், பஹ்ரைன் ஆகியவற்றுக்கு மாதம் 200 டாலர் என்றாயிற்று. வேலைகள் வேறு நாட்டவருக்குப் போய்விடாதிருக்கவே என்று காரணம் கூறப்பட்டது. தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து முறையிட்டனர். 2021 ஜூலையில் பழைய அளவே மீண்டும் நிலைநாட்டப்பட்டது. அதன் பயன், நீதிமன்ற வாசலை மிதித்திராத நம் மஹல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது.

இதுவரை கேட்கும்போது எல்லோரும் தலையசைத்தீர்கள். இனிச் சொல்வதற்கு அசைப்பீர்களா என்று தெரியவில்லை.

அந்த மேனேஜர் ஊர்க்காரனுக்குச் செய்ததை நம்மவர் செய்வதில்லையா? நம்மில் ஃபோர்மேன் ஆனவர்கள் உண்டு. ஊரிலிருந்து கருவாடும் முறுக்குப் பொதியும் கொண்டு வந்தவனுக்கு வெள்ளிக்கிழமை ஓவர்டைம்; ஒன்றும் கொண்டுவராத பீகார்க்காரனுக்கு வெயிலில் வேலை. ஸகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். முறுக்குப் பொதிக்கும் அதே கேள்விதான்.

கடை நடத்துவோரும் இருக்கிறீர்கள். தமிழகத்தில் கடை ஊழியர் அமர்வதற்கு இருக்கை தரப்பட வேண்டும் என்று 2021-இல் சட்டமன்றம் சட்டத் திருத்தம் செய்தது. மனிதன் உட்காருவதற்கும் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது! மச்சான் மகன் கல்லாவில் அமர்ந்திருக்க, பத்து ஆண்டுகளாக உழைத்தவன் ஏணியிலேயே நிற்கும் கடைகளை நாம் பார்த்திருக்கிறோம். சொந்தத்துக்கு உதவுவது ஸவாப். அதைத் தன் பங்கிலிருந்து செய்ய வேண்டும், உழைத்தவன் பங்கிலிருந்து அல்ல. பஷீர் (ரலி) அவர்கள் தம் மகன் நுஃமானுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பை வழங்கி, அதற்கு நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டு, இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். சொந்த மகனுக்குச் சொந்தப் பொருளைக் கொடுப்பதிலேயே இந்தக் கண்டிப்பு. மிளகாய்ப் பழம் எடுக்க வரும் பெண்களுக்குக் கூலியை 'பிறகு பார்க்கலாம்' என்று நிறுத்தி வைப்பவர்களும் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இமாம் ஊதியத்தைப் பற்றிப் பேசினால், தம் ஊதியத்தைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார் என்று சிலர் புன்னகைப்பதைக் காண்கிறோம். நம்மை விட்டுவிடுங்கள். எந்த ஊர்ப் பள்ளியானாலும் மோதினார்களை எண்ணிப் பாருங்கள். ஹவ்ளு கழுவுவது முதல் ஃபஜ்ருக்கு விளக்கேற்றுவது வரை அவர்கள் பொறுப்பு. உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் 2009-இலேயே அமைக்கப்பட்டது. அதில் உறுப்பினராவதற்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கக்கூட ஆளில்லாத மோதினார்கள் எத்தனை பேர்? நிர்வாகப் பெருமக்கள் இதனை அடுத்த கூட்டத்தின் பொருளில் சேர்ப்பார்கள் என நம்புகிறோம்.

அந்தத் தம்பி மீண்டும் சபுர் சென்றுவிட்டார். இம்முறை வேறு நாடு, வேறு கம்பெனி. ஒப்பந்தத்தின் நகல் அவர் அத்தாவிடம் பீரோவில் இருக்கிறது. ரமளானில் தொலைபேசியில் அழைத்தார். பதினான்கு பேருக்கு ஷிஃப்ட் எழுதும் பொறுப்பைத் தம்மிடம் கொடுத்திருப்பதாகவும், துஆச் செய்யுமாறும் கூறினார். துஆச் செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பதினான்கு பேரில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டோம். மூவர் என்றார். இந்த வாரம் இரவு ஷிஃப்ட் யாருக்கு என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "மூவரில் ஒருவனுக்குப் போட்டிருக்கிறேன் ஹஜ்ரத், அவன் இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை" என்றார்.