ஏதேன் தோட்டத்தில் ஓர் இலங்கை யானை



இன்று ஒரு சிறிய படத்தைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். தபால் அட்டையைவிடச் சற்றே பெரியது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1638-இல் செய்த ‘ஆதாமும் ஏவாளும்’. நியூ ஜெர்சியில் இருக்கும் நமக்குப் பக்கத்திலேயே, நியூ யார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இதன் பிரதி உள்ளது. வெளிச்சம் பட்டால் காகிதம் கெடும் என்பதால் இத்தகைய படங்களை எப்போதும் சுவரில் மாட்டிவைப்பதில்லை. அவர்களுடைய இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

இது ‘எட்சிங்’ என்னும் அச்சுமுறை. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி வரைவார்கள். அமிலத்தில் வைத்தால் கீறிய இடம் மட்டும் அரிபடும். அந்தப் பள்ளங்களில் மை நிரப்பிக் காகிதத்தை அழுத்தினால் படம் கிடைக்கும்.

நான் கனியைப் பார்த்தேன். மரத்தின் மேல் பறவைநாகம் போலிருக்கும் சாத்தானைப் பார்த்தேன். பக்கத்திலிருந்த என் மகள்தான், “அம்மா, கீழே யானை!” என்றாள். வலப்பக்க மூலையில், தூரத்து வெயிலில், கட்டைவிரல் நகமளவு யானை.

அது ஹான்ஸ்கன் என்ற பெண் யானை என்கிறார்கள் கலை வரலாற்று அறிஞர்கள். 1630-இல் இலங்கையில் பிறந்தவள். 1633-இல், மூன்று வயதில், கப்பலில் ஹாலந்து வந்தாள். கொடி அசைக்கவும், வாள் வீசவும், துப்பாக்கி சுடவும் பழக்கி, ஊர் ஊராக ஐரோப்பா முழுதும் காட்சிக்கு வைத்தார்கள். 1637-இல் ரெம்பிராண்ட் அவளைக் கறுப்புச் சாக்கட்டியால் வரைந்தார். 1655-இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் இறந்தபோது அவளுக்கு 25 வயதுதான். காட்டில் இருந்திருந்தால் அறுபது வயதுவரைகூட வாழ்ந்திருப்பாள். அவளுடைய எலும்புக்கூடு இன்றும் ஃப்ளாரன்ஸில் இருக்கிறது. ஆசிய யானை இனத்துக்கே மாதிரியாக விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்திருப்பது அதைத்தான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி படத்தைப் பார்த்தேன். பாகன் இல்லை, கொடி இல்லை, கூட்டம் இல்லை. மரங்களுக்கு அப்பால் தன் பாட்டுக்கு இருக்கிறாள். நிஜத்தில் யாரும் அவளுக்குக் கொடுக்காத காட்டை ஓர் ஊசிமுனை கொடுத்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழகை ரசிக்கும்போதே மனம் கனக்கிறது.

“அவ திரும்ப ஊருக்குப் போனாளா?” என்று மகள் கேட்டாள். இல்லை என்றேன்.

நீங்களும் குழந்தைகளோடு இந்தப் படத்தைப் பாருங்கள். முதலில் அந்த மூலையைக் காட்டுங்கள். அவள் எந்த ஊர்க்காரி என்பதையும் சொல்லுங்கள்.